எழுந்து நின்றால் போதுமா?

சட்டசபையில் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்பது அபூர்வம். பட்ஜெட் நாளில் சண்டை போடுகிறவர்களும், சபாநாயகரின் மேடையைச் சூழ்ந்துகொண்டு கோஷம் எழுப்புகிறவர்களும், மறைந்த ஒருவரின் பெயரைச் சபாநாயகர் வாசித்ததும் ஒன்றாக எழுந்து தலை குனிந்து நிற்கிறார்கள். உயிரோடு இருக்கும் பெரியவர் ஒருவரைப் பாராட்டும்போது எல்லாரும் ஒன்றாக மேசையைத் தட்டுகிறார்கள். அந்த இரண்டு நிமிடம் சபையில் கட்சி இல்லை. மறுநாள் பத்திரிகையில் நாலு வரிச் செய்தி வருகிறது. அத்தோடு காரியம் முடிந்துவிடுகிறது.

நாம் கேட்பது ஒரே கேள்விதான். பாராட்டப்பட்டவர் எதற்காகப் பாடுபட்டாரோ, அந்தக் காரியம் என்ன ஆயிற்று?

"சட்டசபை யாரைப் பாராட்டினால் நமக்கென்ன? நம் அரிசிக்கும் வாடகைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று நம்மில் சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. ஸ்ரீவராகத்திலிருந்து பஸ் ஏறினால் கிழக்கேகோட்டை, ஸ்டாச்சு தாண்டிப் பாளையத்தில் இறங்கிவிடலாம். 1998 மே 22-ந் தேதி குடியரசுத் தலைவர் கே. ஆர். நாராயணன் திறந்துவைத்த சட்டசபை மாளிகை அங்கேதான் நிற்கிறது. சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவர்களும், துணி தேய்க்கிறவர்களும், ஓட்டலில் மாவாட்டுகிறவர்களும், வீட்டு வேலைக்குப் போகிற நம் தாய்மார்களும் அந்த மாளிகையைத் தினம் பஸ் ஜன்னல் வழியாகப் பார்க்கிறார்கள். அந்த மாளிகை எப்போது நம்மைப் பார்க்கிறது என்பதுதான் விஷயம்.

முதலில் ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். சட்டம் வேறு, தீர்மானம் வேறு. சட்டம் என்றால் கட்டளை. மீறினால் வழக்கு உண்டு. பொதுவாகத் தீர்மானம் என்றால் சபையின் அபிப்பிராயம். அரசாங்கம் அதை மதித்து நடக்கலாம், அலமாரியில் வைத்துப் பூட்டவும் செய்யலாம். அந்தத் தீர்மானங்களிலும் பாராட்டும் அஞ்சலியும் தனி ரகம். அவற்றை எதிர்த்துப் பேச ஆள் இல்லை. ஓட்டெடுப்பு இல்லை. கஜானாவிலிருந்து காலணா செலவில்லை. செலவில்லாத காரியத்தில் எல்லாரும் ஒற்றுமையாக இருப்பதில் என்ன அதிசயம்?

இந்த ஒற்றுமை எவ்வளவு மலிவானது என்பதை அமெரிக்காவில் ஒருவர் வேடிக்கையாகவே நிரூபித்துக் காட்டினார். அங்குள்ள மாநிலச் சட்டசபைகளில் குடிமக்களைப் பாராட்டித் தீர்மானம் போடுவது அன்றாட வழக்கம். பந்தயத்தில் ஜெயித்த பள்ளிக்கூட அணிக்கு ஒன்று, ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு ஒன்று என்று போய்க்கொண்டே இருக்கும். டெக்சாஸ் சட்டசபையில் வாகோ நகரத்து உறுப்பினர் டாம் மூர் என்பவர், சக உறுப்பினர்கள் எதையும் படிக்காமலே கை தூக்குகிறார்கள் என்று சந்தேகப்பட்டார். 1971 ஏப்ரல் 1-ந் தேதி ஒரு பாராட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார். ஆல்பர்ட் டிசால்வோ என்பவர் ஜனத்தொகைக் கட்டுப்பாட்டுக்குச் செய்த அரிய சேவையைப் போற்றுவது அதன் சாரம். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அந்த டிசால்வோ யார்? பாஸ்டன் நகரத்தில் பெண்களைக் கழுத்தை நெரித்துக் கொன்றவன் என்று நாடெங்கும் பேசப்பட்ட ஆள்! பிறகு மூரே உண்மையைச் சொல்லித் தீர்மானத்தை வாபஸ் வாங்கினார். படிக்காமல் நிறைவேற்றும் பாராட்டு கொலைகாரனுக்கும் கிடைக்கும், உத்தமனுக்கும் கிடைக்கும். இரண்டுக்கும் எடை ஒன்றுதான்.

அதற்காகப் பாராட்டுத் தீர்மானங்களை நாம் கேலி செய்து ஒதுக்கவில்லை. ஊர்விட்டு வந்து பிழைக்கிறவனுக்கு, தான் குடியேறிய நாட்டின் சபை தன் பெயரைச் சொல்வது பெரிய விஷயம். கனடா நாடாளுமன்றம் 2016 அக்டோபரில் ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபு மாதம் என்று ஏகமனதாக ஏற்றது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலச் சட்டசபை 2017-ல் ஜனவரி 14-ந் தேதியைப் பொங்கல் நாள் என்று தீர்மானித்தது. அங்கே பனியில் நின்று பொங்கல் வைக்கும் நம் சகோதரர்களுக்கு அது எவ்வளவு தெம்பு கொடுத்திருக்கும்! நமக்கும் கேரள அரசு பொங்கலுக்குத் திருவனந்தபுரம், கொல்லம், பத்தனம்திட்டா, இடுக்கி, பாலக்காடு, வயநாடு ஆகிய ஆறு மாவட்டங்களில் உள்ளூர் விடுமுறை அறிவித்து வந்திருக்கிறது. அதை நாம் நன்றியோடு சொல்கிறோம். அந்த விடுமுறையால் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் வீட்டில் இருந்து கரும்பு கடிக்கிறார்கள். ஆனால் தினக்கூலிக்காரனுக்கு அன்றைக்குக் கூலி உண்டா? பொங்கலைப் பாராட்டும் காகிதத்தில் பொங்கப்பானைக்கு அரிசி இல்லையே! பாராட்டோடு கூலி சேரும்போதுதான் பண்டிகை முழுமையாகிறது.

பாராட்டு முழுமை பெற்றதற்கு நம் சரித்திரத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. விருதுநகர் சங்கரலிங்கனார் 1956 ஜூலை 27-ந் தேதி உண்ணாவிரதம் தொடங்கினார். சென்னை ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பது அவருடைய பன்னிரண்டு கோரிக்கைகளில் முக்கியமானது. பெரிய பதவியில் இருந்தவர் அல்ல, எம்.எல்.ஏ. அல்ல. அக்டோபர் 13-ந் தேதி உயிர் நீத்தார். அடுத்த மாதம் முதல் தேதி மொழிவழி மாநிலங்கள் பிறந்தன. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் அந்தப் பக்கம் போயின. நம் முன்னோர்கள் இந்தப் பக்கம் நின்றார்கள். தமிழ்நாடு என்ற பெயர் மட்டும் வரவில்லை. அதற்காகச் சட்டசபையிலும் நாடாளுமன்றத்திலும் எழுந்த குரல்கள் தோற்றுக்கொண்டே இருந்தன.

1967 ஜூலை 18-ந் தேதி முதலமைச்சர் அண்ணா கொண்டுவந்த பெயர் மாற்றத் தீர்மானம் சட்டசபையில் ஏகமனதாக நிறைவேறியது. அவர் "தமிழ்நாடு" என்று மூன்று முறை சொல்ல, உறுப்பினர்கள் "வாழ்க" என்று மூன்று முறை முழங்கினார்கள். வெறும் முழக்கத்தோடு நின்றிருந்தால் அதுவும் ஒரு சடங்காகப் போயிருக்கும். ஒரு மாநிலத்தின் பெயரை மாற்ற நாடாளுமன்றம் சட்டம் செய்ய வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் மூன்றாவது பிரிவு. அந்தப் படியையும் ஏறினார்கள். 1968-ல் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. 1969 ஜனவரி 14, பொங்கல் நாளில் பெயர் அமலுக்கு வந்தது. சங்கரலிங்கனாரின் கோரிக்கையை ஏற்றதே அவருக்குச் செய்த பெரிய மரியாதை. படத்துக்கு மாலை போட்டுவிட்டுக் கோரிக்கையை மறந்திருந்தால் அவர் இரண்டாம் முறை செத்திருப்பார்.

இந்த அளவுகோலை நாம் வாழும் கேரளத்துக்கு வைத்துப் பார்ப்போம்.

கே. ஆர். கௌரி அம்மாவை அறியாதவர் இங்கே யார்? 1957-ல் அமைந்த முதல் கேரள மந்திரி சபையில் ரெவின்யூ மந்திரி. நிலச் சீர்திருத்தத்தின் தாய் என்று சொல்லத் தகுந்தவர். அவர் நூறு வயதை எட்டியபோது சட்டசபையே அவரைப் பாராட்டியது. 2021 மே 11-ந் தேதி 101 வயதில் மறைந்தபோது எல்லாக் கட்சியும் கண்ணீர் விட்டது. தகுதியானவருக்குச் செய்த தகுதியான மரியாதைதான். அவர் 1967-க்குப் பிறகு மீண்டும் ரெவின்யூ மந்திரியாக இருந்து கொண்டுவந்த திருத்தச் சட்டம் 1970 ஜனவரி 1-ந் தேதி நடைமுறைக்கு வந்தபோது, பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த ஏழைக்குக் கிராமத்தில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட், மாநகரத்தில் 3 சென்ட் வரை சொந்தமாக்கிக்கொள்ளும் உரிமை வந்தது. எத்தனையோ குடும்பம் அன்றைக்குத்தான் நிமிர்ந்து நின்றது.

ஆனால் அந்தச் சட்டம் தோட்டங்களின் வாசலில் நின்றுவிட்டது. தேயிலை, காப்பி, ரப்பர், ஏலத்தோட்டங்களுக்கு நில உச்சவரம்பிலிருந்து விலக்கு கொடுக்கப்பட்டது. அந்தத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியவர்கள் யார்? மூணாற்றிலும் பீருமேட்டிலும் பெரும்பாலும் நம்மவர்கள். அவர்கள் குடியிருந்தது குடிசை அல்ல, கம்பெனியின் லயம். 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளி வீடு தரவேண்டும் என்று சொன்னது. அந்த வீடு தொழிலாளிக்குச் சொந்தமாக வேண்டும் என்று சொல்லவில்லை. வேலை இருக்கும்வரை கூரை. வேலை முடிந்தால், பிள்ளையோ மருமகளோ அதே வேலைக்குப் போகாவிட்டால், பெட்டி படுக்கையைக் கட்ட வேண்டியதுதான். ஊருக்குத் திரும்பினால் அங்கேயும் நிலம் கிடையாது.

2020 ஆகஸ்ட் 6-ந் தேதி இரவு, இடுக்கி ராஜமலைப் பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர் போய்விட்டார்கள். அவர்களில் பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு. மறுநாள் கரிப்பூரில் விமான விபத்து. அங்கே இறந்தவர் குடும்பத்துக்கு மாநில அரசு அறிவித்தது 10 லட்சம் ரூபாய். பெட்டிமுடிக்கு அறிவித்தது 5 லட்சம். இது முதற்கட்ட உதவிதான் என்று அரசுத் தரப்பில் விளக்கம் தந்தார்கள். விளக்கம் இருக்கட்டும். விமானத்தில் வந்தவரின் உயிரும் நம் சகோதரர்களின் உயிர்தான், அவர்களுக்குக் கொடுத்ததில் நமக்கு மனத்தாங்கல் இல்லை. இரங்கல் சொல்லும்போது எல்லா உயிரும் சமம், ரூபாய் எண்ணும்போது மட்டும் வித்தியாசம் ஏன் என்பதே நம் கேள்வி. பிறகு எட்டுக் குடும்பங்களுக்குக் குட்டியார்வாலியில் வீடு கட்டிக்கொடுத்தார்கள். அது நல்ல காரியம். மலைச்சரிவில் உயிர் போன பிறகு கிடைத்த அந்த வீடு, உயிரோடு இருக்கும்போதே ஏன் கிடைக்கக்கூடாது? கௌரி அம்மாவுக்கு உண்மையான பாராட்டு, அவர் தொடங்கி வைத்த வேலையை லயத்தின் வாசல்வரை கொண்டுபோவதுதான்.

இது தமிழனுக்கு மட்டும் நேர்ந்த கதை என்று நாம் சொல்லமாட்டோம். அப்படிச் சொல்வது பொய். நம் பக்கத்துக் கடற்கரையைப் பாருங்கள். 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் மீனவர்கள் தங்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றினார்கள். கேரளத்தின் சொந்த ராணுவம் என்று அவர்களை முதலமைச்சர் புகழ்ந்தார். ஆகஸ்ட் 29-ந் தேதி நிஷாகந்தியில் அரசு பாராட்டு விழா எடுத்தது. மறுநாள் வெள்ளத்தைப் பற்றிப் பேசச் சட்டசபை தனியாகக் கூடியது. நான்கு ஆண்டு கழித்து, 2022-ல், அதே மீனவர் சமூகம் விழிஞ்ஞத்தில் மாதக்கணக்கில் போராட்டம் நடத்த வேண்டி வந்தது. கடல் அரித்து வீடிழந்த குடும்பங்கள், நம் ஸ்ரீவராகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள வலியதுறையில், சிமெண்ட் கிடங்கில் திரைச்சீலை கட்டிக் குடித்தனம் நடத்தினார்கள். போராடிய பிறகுதான் மாதம் 5,500 ரூபாய் வாடகை என்ற பேச்சே வந்தது. ராணுவம் என்று பட்டம் கொடுத்த கை, கூரை கொடுக்க ஏன் இத்தனை தாமதித்தது? அவர்கள் மலையாளம் பேசுகிறவர்கள், நாம் தமிழ் பேசுகிறவர்கள். ஏமாற்றத்தின் மொழி ஒன்றாகவே இருக்கிறது.

மரியாதை யாருக்கு என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் பென்னிகுவிக்குக்கு லோயர் கேம்ப்பில் தமிழ்நாடு அரசு மணிமண்டபம் எழுப்பி 2013 ஜனவரியில் திறந்தது. செய்யத்தக்கது. தேனி, மதுரை மக்கள் அவர் படத்தை வீட்டில் வைத்துக் கும்பிடுகிறார்கள். ஆனால் 1887 முதல் 1895 வரை அந்தக் காட்டில் கல் சுமந்து, காய்ச்சலிலும் காலராவிலும் மடிந்த கூலிகளின் பெயரை எந்தச் சபை எந்த நாளில் வாசித்தது? இஞ்சினியருக்குப் பெயர் உண்டு. கூலிக்குத் தொகை மட்டும் உண்டு. "தொழிலாளர்கள் பலர் இறந்தனர்" என்ற மூன்று சொல்லில் நம் பாட்டன்மாரை அடக்கிவிடுகிறார்கள்.

நம் மொழிக்கு அந்தச் சபையில் எவ்வளவு கவனம் கிடைக்கிறது என்பதற்கும் ஒரு சம்பவம் இருக்கிறது. 2021-ல் தேவிகுளம் தொகுதியில் ஜெயித்த அ. ராஜா மே 24-ந் தேதி தமிழில் உறுதிமொழி எடுத்தார். நம் காதுக்கு இனிமையாக இருந்தது. பிறகு பார்த்தால், அவர் கையில் கொடுத்த தமிழ் மொழிபெயர்ப்பில், கடவுள் பெயரால் என்றோ உளமார என்றோ இருக்க வேண்டிய சொல்லே விடுபட்டிருந்தது. ஜூன் 2-ந் தேதி மறுபடியும் உறுதிமொழி எடுக்க வைத்தார்கள். இடையில் சபையில் உட்கார்ந்த நாட்களுக்காக அவருக்கு 2,500 ரூபாய் அபராதமும் விதித்தார்கள். நாலு வரித் தமிழைச் சரிபார்க்க ஆள் இல்லை, அதற்கு அபராதம் மட்டும் படித்தவனுக்கு. தமிழை மதிக்கிறோம் என்று மேடையில் சொல்வது எளிது. தமிழ் தெரிந்த ஒரு குமாஸ்தாவை அந்த மேசையில் உட்கார வைப்பதுதான் மதிப்பு.

ஆகவே தோழர்களே, தாய்மார்களே, நாம் என்ன கேட்க வேண்டும்?

ஒன்று: உழைக்கும் மக்களுக்காகச் சட்டசபை எழுந்து நிற்கும்போது, இறந்தவர்களின் பெயரும் ஊரும் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டுச் சபைக் குறிப்பில் ஏற வேண்டும். முன்னாள் மந்திரிக்கு அந்த மரியாதை உண்டென்றால் கொழுந்து கிள்ளியவளுக்கும் உண்டு.

இரண்டு: பாராட்டோ இரங்கலோ எதுவானாலும், அதே காகிதத்தில் அரசாங்கம் செய்ய வேண்டிய காரியம் ஒன்றும், அதைச் செய்து முடிக்க ஒரு தேதியும் இருக்க வேண்டும். அடுத்த கூட்டத்தொடரில் மந்திரி பதில் சொல்ல வேண்டும். இது நடக்காத காரியம் அல்ல. வயநாடு முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவுக்குப் பிறகு 2024 அக்டோபர் 14-ந் தேதி கேரளச் சட்டசபை ஏகமனதாகத் தீர்மானம் போட்டபோது, வெறும் அனுதாபத்தோடு நிற்கவில்லை. மத்திய அரசு பணம் தர வேண்டும், கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று கேட்டது. மாநில அரசும் கல்பற்றாவில் குடும்பத்துக்கு 7 சென்ட் நிலத்தில் வீடு என்று 2025 மார்ச்சில் அடிக்கல் நாட்டியது. மத்திய அரசிடம் கேட்கத் தெரிந்த சபைக்குத் தன் அரசிடம் கேட்கத் தெரியாதா?

மூன்று: தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர்களுக்கு, பாதுகாப்பான இடத்தில் பட்டயத்தோடு மனை வேண்டும்.

இதைச் சபைக்குள் கொண்டுபோக வழி இருக்கிறது. தனி உறுப்பினர்களின் தீர்மானங்களுக்கென்று வெள்ளிக்கிழமை இருக்கிறது. பொதுமக்களின் மனுக்களைப் பரிசீலிக்கச் சட்டசபையில் மனுக் குழு இருக்கிறது. குறைகளைச் சொல்லும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியல் சாசனத்தின் 350-வது பிரிவு சொல்கிறது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்குத் தம் மொழியில் எழுதவும் அதே மொழியில் பதில் பெறவும் கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடம் கொடுத்தது. ஆகவே மலையாளம் எழுதத் தெரியாதே என்று எந்த அம்மாவும் கூச வேண்டியதில்லை. தமிழிலேயே எழுதலாம். எழுதத் தெரியாதவர்கள் சொல்லட்டும், நம் பிள்ளைகள் எழுதட்டும்.

ரயில்வே ஆபீசில் குமாஸ்தா வேலை பார்க்கும் நம்போன்றவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். நம்பர் போடாத காகிதம் மேசையைவிட்டு நகராது. நம்பர், தேதி, யார் பதில் சொல்ல வேண்டும் என்ற விவரம், இந்த மூன்றும் இருந்தால் எப்பேர்ப்பட்ட அதிகாரியும் அந்தக் கோப்பை ஒரு நாள் திறந்தே ஆக வேண்டும். புகழ்ச்சிக்கு நம்பர் கிடையாது. மனுவுக்கு உண்டு. அதனால்தான் மனு எழுதுங்கள் என்கிறோம்.

இன்னொரு வேலை நாமே செய்ய வேண்டியது. சபை நம் பெயர்களை வாசிக்க வேண்டுமானால் அந்தப் பெயர்கள் முதலில் எங்கேயாவது எழுதப்பட்டிருக்க வேண்டும். ஸ்ரீவராகம், மணக்காடு, சாலைப் பகுதிகளில் உள்ள ஒவ்வொரு குடும்பமும் ஒரு தாள் எழுதிச் சங்கத்தில் கொடுக்கட்டும். எந்த ஊரிலிருந்து வந்தோம், எந்த வருஷம் வந்தோம், என்ன வேலை செய்தோம், வேலையில் உயிர் விட்டவர் யார், அவருக்கு நஷ்டஈடு வந்ததா இல்லையா. அடுத்த பொதுக்கூட்டத்தில் தலைவர்களுக்குப் பொன்னாடை போர்த்தும் நேரத்தில், அந்தப் பட்டியலை எழுந்து நின்று வாசிப்போம். பொன்னாடைக் காசில் மனுவுக்குப் பிரதி எடுப்போம்.

சட்டசபை நமக்காக எழுந்து நிற்கட்டும். வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மறுபடி உட்காருவதற்கு முன்னால், கையிலிருக்கும் காகிதத்தில் ஒரு கையெழுத்தும் போட்டுவிட்டு உட்காரட்டும்.